ஆயில் ஃபில்டர் அமைப்பை மாற்றுவதில் உள்ள ஆபத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகனத்தோடு வந்த ஆயில் ஃபில்டருக்குப் பதிலாகப் பெரிய ஃபில்டரைப் பொருத்துவது, ஃபில்டரை எஞ்சினிலிருந்து கழற்றி ஹோஸ் மூலம் வேறிடத்தில் வைப்பது, காகிதத்துக்குப் பதில் கழுவிப் பயன்படுத்தும் எஃகு வலையைப் போடுவது, கூடுதலாக ஒரு ஃபில்டரையோ ஆயில் கூலரையோ இணைப்பது ஆகிய மாற்றங்கள் குறித்து வாகன உரிமையாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கார், இருசக்கர வாகனம், டீசல் வண்டி எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. வேறுபடும் இடங்களில் மட்டும் அது தனியே சொல்லப்படும்.

கேள்வி: ஆயில் ஃபில்டர் அழுக்கைப் பிடிக்கும் ஒரு டப்பாதானே? அதை மாற்றினால் எஞ்சினுக்கு என்ன வந்துவிடும்?

அழுக்கைப் பிடிப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயிலை பம்ப் உறிஞ்சி அழுத்தத்தோடு ஃபில்டருக்குள் தள்ளுகிறது. ஃபில்டரைக் கடந்த பிறகே அது எஞ்சினுக்குள் உள்ள முக்கிய ஆயில் பாதையான பிரதான ஆயில் கேலரிக்குச் சென்று, அங்கிருந்து கிராங்க் ஷாஃப்ட் பேரிங், கனெக்டிங் ராடு பேரிங், கேம் ஷாஃப்ட், செயின் டென்ஷனர், டர்போ என்று பிரிகிறது. அதாவது, இன்றைய எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் பேரிங்குக்குப் போகும் ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். அந்த வழியில் ஓரிடத்தில் தடை கூடினாலும், கசிவு ஏற்பட்டாலும், ஆயில் வந்து சேரும் நேரம் நீண்டாலும் அதன் விளைவு பேரிங்கில்தான் தெரியும். கார் எஞ்சினின் பேரிங்குகளில் ஷாஃப்டுக்கும் பேரிங் ஓட்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு முதல் ஆறு பங்கு வரைதான். ஓடும்போது சுமையைத் தாங்கி நிற்கும் ஆயில் படலம் அதைவிடவும் மெல்லியது. அந்தப் படலம் சில விநாடிகள் இல்லாமல் போனாலே உலோகம் உலோகத்தோடு உரசத் தொடங்கிவிடும்.

ஆகவே ஃபில்டரை அழுத்தச் சுற்றின் ஓர் உறுப்பாகப் பார்ப்பதே சரி. கீழே வரும் ஆபத்துகள் பெரும்பாலானவை ஃபில்டர் அழுக்கைச் சரியாகப் பிடிக்காததால் வருபவை அல்ல. அந்தச் சுற்று குலைந்ததால் வருபவை.

கேள்வி: பைபாஸ் வால்வு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது ஏன் இவ்வளவு முக்கியம்?

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ஆயில் கெட்டியாக இருக்கும். 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலிலேயே, 100 டிகிரி செல்சியஸில் இருக்கும் பிசுக்குமையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு 40 டிகிரியில் இருக்கிறது. குளிர்காலக் காலையிலோ, 20டபிள்யூ-50 போன்ற கனமான ஆயிலிலோ அந்த வேறுபாடு இன்னும் பன்மடங்கு. அவ்வளவு கெட்டியான ஆயில் காகித மடிப்புகளின் வழியே போதிய அளவில் நுழையாது. அழுக்கு நிறைந்து அடைத்துக்கொண்ட ஃபில்டரிலும் இதே நிலைதான். அப்போது ஃபில்டரின் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு ஓர் எல்லையைத் தாண்டியதும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது பேரிங்குக்கு அனுப்பிவிடும். அழுக்கு ஆயில் தீங்குதான்; ஆயிலே இல்லாமல் போவது அதைவிடக் கொடிய தீங்கு என்ற கணக்கில் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

வால்வு திறக்கும் அழுத்த வேறுபாட்டை எஞ்சின் வடிவமைப்பாளரே தீர்மானிக்கிறார். பல கார்களில் அது அரை பாருக்கும் ஒன்றரை பாருக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் அளவாக இருக்கிறது (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). அதிக அளவு ஆயிலைத் தள்ளும் பம்ப் உள்ள எஞ்சினுக்கு வால்வு தாமதமாகத் திறக்கும் ஃபில்டர் தேவைப்படும். அங்கே சீக்கிரமாகத் திறக்கும் ஃபில்டரைப் பொருத்தினால், வேகமாக ஓட்டும்போதெல்லாம் ஆயிலின் ஒரு பகுதி வடிகட்டப்படாமலே சுற்றும். மாறாக, எளிதில் திறக்க வேண்டிய இடத்தில் திறக்காத வால்வை வைத்தால் காகிதமும் அதைத் தாங்கும் நடுக்குழாயும் நசுங்கக்கூடும். இரண்டுமே வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில எஞ்சின்களில் பைபாஸ் வால்வு ஃபில்டருக்குள் இருக்கும். சிலவற்றில் எஞ்சின் பிளாக்கிலோ ஃபில்டர் தாங்கியிலோ இருக்கும். பிளாக்கில் வால்வு உள்ள எஞ்சினுக்கான ஃபில்டரில் வால்வே இல்லாமல் இருக்கலாம். அந்த ஃபில்டரை, மரை பொருந்துகிறது என்பதற்காக வேறோர் எஞ்சினில் மாட்டினால், அந்தச் சுற்றில் பைபாஸ் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும்.

கேள்வி: பம்ப்பில் இருக்கும் ரிலீஃப் வால்வும் இதுவும் ஒன்றா?

இல்லை. ரிலீஃப் வால்வு மொத்த அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைத்து, மிஞ்சிய ஆயிலை பம்ப்பின் உறிஞ்சு பக்கத்துக்கோ சம்ப்புக்கோ திருப்பிவிடும். பைபாஸ் வால்வு ஃபில்டரின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே பார்க்கும்.

கேள்வி: அதே வடிவில் சற்றுப் பெரிய ஃபில்டரைப் போட்டால் நல்லதுதானே?

மாற்றங்களிலேயே தீங்கு குறைந்தது இதுதான். மரை, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டின் விட்டம், பைபாஸ் அளவு, ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஆகிய நான்கும் மூல ஃபில்டரோடு ஒத்திருந்தால் நீளமான டப்பா தன்னளவில் எஞ்சினைக் கெடுக்காது. காகிதப் பரப்பு கூடுவதால் அழுக்கைத் தாங்கும் திறன் ஓரளவு கூடவும் செய்யும். ஆனால், உரிய இடைவெளியில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுகிற ஒருவருக்கு அந்தக் கூடுதல் திறன் பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை. மூல ஃபில்டர் நிறைவதற்கு முன்பே அதைக் கழற்றி எறிந்துவிடுகிறோம்.

ஈடாக வரும் தொல்லைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நீண்ட ஃபில்டர் தரையை நோக்கித் தொங்கினால் மேடு பள்ளத்தில் கல் பட்டு ஓட்டை விழலாம். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகே நீண்டால் ரப்பர் கேஸ்கெட் வெந்து இறுகிவிடும். நிறை கூடியதால் அதிர்வில் மரையின் மீது விழும் சுமையும் கூடும்.

கேள்வி: மரை ஏறுகிறது, கேஸ்கெட்டும் உட்காருகிறது. இதற்கு மேல் என்ன பொருத்தம் பார்க்க வேண்டும்?

மரை ஏறுகிறது என்பது மரை பொருந்துகிறது என்பதற்குச் சான்றாகாது. முக்கால் அங்குல, அங்குலத்துக்கு 16 புரி கொண்ட மரையும் எம்20 × 1.5 மரையும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. முதலாவதன் விட்டம் 19.05 மில்லிமீட்டர், புரி இடைவெளி ஏறத்தாழ 1.59 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 20 மில்லிமீட்டர், புரி இடைவெளி 1.5 மில்லிமீட்டர். எம்20 மரை கொண்ட ஃபில்டரை முக்கால் அங்குலத் தண்டில் சுற்றினால், கொஞ்சம் தளர்வாக ஏறி, கேஸ்கெட் பதியும் வரை போய், கையால் இறுக்கும்போது இறுகியது போலவே தோன்றும். உண்மையில் புரிகளின் நுனி மட்டுமே ஒன்றையொன்று பற்றியிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் அழுத்தம் உச்சத்தை எட்டும் நொடியில் ஃபில்டர் கழன்று விழுந்துவிடலாம்.

கேஸ்கெட்டிலும் இதே கதைதான். அதன் விட்டம் பிளாக்கில் செதுக்கப்பட்ட சமதளத்தின் நடுவில் விழ வேண்டும். ஓரத்தில் அரைகுறையாக உட்கார்ந்தால் சில வாரம் கசியாமல் இருந்துவிட்டு ஒரு நாள் பிதுங்கும். பழைய கேஸ்கெட் பிளாக்கிலேயே ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரை மாட்டினால், இரண்டு கேஸ்கெட் ஒன்றன் மேல் ஒன்றாக அமர்ந்து அதே விளைவைத் தரும். இது மாற்றம் செய்யாத வண்டிகளிலும் நேரும் தவறு. இடையில் ஓர் அடாப்டர் தட்டு சேரும்போது ஒன்றுக்கு இரண்டு கேஸ்கெட் தளங்கள் உண்டாவதால் வாய்ப்பும் இரட்டிப்பாகிறது.

கேள்வி: ஃபில்டரை எளிதில் எட்டும் இடத்துக்கு மாற்றும் ரிலொகேஷன் கிட் பொருத்தலாமா?

இந்தப் பக்கத்தில் உள்ள மாற்றங்களில் அதிக எச்சரிக்கை வேண்டியது இதற்குத்தான். ஃபில்டர் இருந்த இடத்தில் ஓர் அடாப்டர் பொருத்தி, அதிலிருந்து இரண்டு ஹோஸ்களை இழுத்து, வேறோர் இடத்தில் தாங்கி அமைத்து, அதில் ஃபில்டரை மாட்டுவதுதான் இந்த ஏற்பாடு. மூல அமைப்பில் ஆயில் வெளியேறக்கூடிய இணைப்பு ஒன்றே ஒன்றுதான்: கேஸ்கெட். புதிய அமைப்பில் அடாப்டரின் ஓரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), அடாப்டர் முனைகள் இரண்டு, ஹோஸின் நான்கு முனைகள், தாங்கியின் முனைகள் இரண்டு, கடைசியில் ஃபில்டரின் கேஸ்கெட் என்று எண்ணிக்கை பத்தை எட்டுகிறது. அவற்றில் எது விட்டுக்கொடுத்தாலும் முழு அழுத்தத்தில் ஆயில் வெளியே பீய்ச்சும். நடுத்தர வேகத்தில் ஓடும் எஞ்சினின் பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், சம்ப்பில் உள்ள 4 லிட்டரும் தீர்ந்துபோக 12 விநாடி போதும். நெடுஞ்சாலையின் உட்பாதையில் போய்க்கொண்டிருப்பவர், எச்சரிக்கை விளக்கைப் பார்த்து, ஓரம் கட்டி, எஞ்சினை அணைப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடும்.

பீய்ச்சும் ஆயில் எங்கே விழுகிறது என்பது அடுத்த கேள்வி. எஞ்சின் ஆயிலின் தீப்பற்று நிலை பொதுவாக 200 டிகிரி செல்சியஸுக்கு மேல். சுமையோடு ஓடும் எஞ்சினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போ கூடும் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தில் இருக்கும். ஹோஸை எந்தப் பக்கமாக இழுத்துச் செல்கிறோம் என்பது அதனால் அழகு சார்ந்த முடிவு அல்ல.

கசிவே இல்லாவிட்டாலும் தடை இருக்கிறது. கெட்டியான திரவம் குழாய் வழியே சீராக ஓடும்போது, அழுத்த இழப்பு குழாயின் உள்விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. உள்விட்டம் பாதியானால் இழப்பு பதினாறு மடங்காகும். எனவே மூல அமைப்பின் துளைகளைவிடக் குறுகிய ஹோஸைப் பயன்படுத்துவதும், இடம் போதாததால் கூர்மையான 90 டிகிரி திருப்பங்களை அடுக்குவதும் குளிர்ந்த எஞ்சினில் பேரிங்குக்குப் போகும் ஆயிலை நேரடியாகக் குறைக்கும். ஹோஸ் நீளும் அளவுக்கு, எஞ்சினைக் கிளப்பியதும் ஆயில் கேலரியை எட்டும் நேரமும் நீள்கிறது. ஃபில்டர் தலைகீழாகவோ படுக்கையாகவோ வைக்கப்பட்டு, திரும்பி வடிவதைத் தடுக்கும் வால்வு பலவீனமாக இருந்தால், ஒவ்வொரு காலையும் வெறும் ஹோஸை நிரப்பித்தான் எஞ்சின் தன் நாளைத் தொடங்கும்.

கேள்வி: இரண்டு ஹோஸ்கள் இடம் மாறிவிட்டால் என்ன ஆகும்?

திருகிப் பொருத்தும் டப்பா வடிவ ஸ்பின்-ஆன் ஃபில்டரில் ஆயில் ஓரத்தில் வட்டமாக உள்ள சிறு துளைகள் வழியே நுழைந்து, காகிதத்தை வெளியிலிருந்து உள்நோக்கிக் கடந்து, நடுத் துளை வழியே வெளியேறும். திரும்பி வடிவதைத் தடுக்கும் ரப்பர் வால்வு, அந்த ஓரத் துளைகளை உட்பக்கத்திலிருந்து மூடி நிற்கிறது. ஹோஸ் இடம் மாறினால் ஆயில் நடுத் துளையில் நுழைந்து ஓரத் துளைகள் வழியே வெளியேற முயலும். பம்ப் அழுத்தமே அந்த ரப்பரை இன்னும் இறுக்கி மூடிவிடும். பைபாஸ் வால்வும் இந்தத் திசையில் திறக்காது. எஞ்சினுக்கு ஆயில் ஏறக்குறைய நின்றுபோகும். அடாப்டரின் மீது ‘உள்’, ‘வெளி’ என்று பொறித்திருப்பது எஞ்சினைப் பொறுத்தா, ஃபில்டரைப் பொறுத்தா என்பது எல்லாக் கிட்டிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எழுத்தை நம்பாமல், எஞ்சினின் எந்தத் துளை பம்ப்பிலிருந்து வருகிறது என்பதைப் பட்டறைக் கையேட்டில் பார்த்து, ஹோஸைத் தடம் பிடித்து உறுதிசெய்வதே வழி.

கேள்வி: எப்படிப்பட்ட ஹோஸ், எப்படிப்பட்ட இணைப்பு?

சூடான ஆயிலுக்கென்றே செய்யப்பட்டது, வேலை செய்யும் அழுத்தமும் வெப்ப வரம்பும் குறிக்கப்பட்டது. கடுமையாக ஓட்டும்போது ஆயில் 120 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. எரிபொருளுக்கோ தண்ணீருக்கோ உரிய ஹோஸ் அங்கே நெடுநாள் தாங்காது. திருகி இறுக்கும் பட்டைக் கிளிப்பை நம்பி அழுத்தமுள்ள ஆயிலைச் சுற்றவிடக் கூடாது. முனை அழுத்திப் பிணைக்கப்பட்ட ஹோஸோ, அந்தந்த ஹோஸுக்கு உரிய மரை முனையோ வேண்டும். ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்சுவர் உரிந்து துளையை அடைப்பதும் உண்டு என்பதால் அதற்கும் ஓர் ஆயுள் வைத்து மாற்ற வேண்டும்.

பலரும் தவறவிடும் ஒன்று: ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குத் திரும்பும் ஹோஸில் இருக்கும் அழுக்கை வடிகட்ட வேறு எதுவும் இல்லை. ஹோஸை வெட்டும்போது உள்ளே விழுந்த ரப்பர்த் தூளும், அலுமினியச் சுருளும், மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் கிழிந்த நுனியும் நேரே பேரிங்குக்குத்தான் போகும். டேப்பே வேண்டாம். வெட்டிய ஹோஸைக் கரைப்பான் விட்டுக் கழுவி, ஊதி, முனைகளை மூடிவைத்துப் பிறகு பொருத்த வேண்டும்.

கேள்வி: கார்ட்ரிட்ஜ் வகை ஃபில்டரை ஸ்பின்-ஆன் வகையாக மாற்றும் அடாப்டர் நல்லதா?

எந்தக் காலத்து எஞ்சின் என்பதைப் பொறுத்தது. திருகும் டப்பா ஃபில்டர் பரவலாவதற்கு முந்தைய பழைய எஞ்சின்களில், உலோகக் கிண்ணத்துக்குள் தனி மூலகம் (வடிகட்டும் உட்பகுதி) வைத்து நீண்ட போல்ட்டால் இறுக்கும் கார்ட்ரிட்ஜ் அமைப்பு இருந்தது. அதை மாற்றும்போது கையெல்லாம் ஆயில். ரப்பர் வளையத்தைப் பள்ளத்திலிருந்து நோண்டி எடுப்பதும் பெரும்பாடு. அப்படிப்பட்ட எஞ்சினுக்கு, தரமான மாற்று அடாப்டர் நியாயமான மேம்பாடே. கிண்ணத்தை நீக்கும்போது அதிலிருந்த பைபாஸ் வால்வும் நீங்கிவிட்டதா, அல்லது வால்வு ஃபில்டர் தலைப்பகுதியில் இருந்து தொடர்கிறதா என்று மட்டும் பார்த்து, அதற்கேற்ற ஸ்பின்-ஆன் ஃபில்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அண்மைக்கால எஞ்சின்களில் பல மீண்டும் கார்ட்ரிட்ஜ் வகைக்கே திரும்பியிருக்கின்றன. கழிவு உலோகம் குறைவு, மூலகத்தை எடுத்து விரித்துப் பார்ப்பதும் எளிது. இவற்றின் பிளாஸ்டிக் மூடி உடையுமே என்ற அச்சத்தில் அடாப்டரையோ உலோக மூடியையோ தேடுவோர் உண்டு. மூடி உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறிய இறுக்கம்தான். பல எஞ்சின்களில் மூடிக்கு உரிய முறுக்கு 25 நியூட்டன்-மீட்டர் அளவிலேயே இருக்கும், அது மூடியின் மீதே அச்சிடப்பட்டும் இருக்கும். மூடியை மாற்றுபவர் கவனிக்க வேண்டியது வேறு: மூலகத்தைத் தாங்கும் நடுக்குழாயும், சில வகைகளில் பைபாஸ் வால்வும் அந்த மூடியோடு சேர்ந்தே இருக்கின்றன. நடுக்குழாய் இல்லாத மூடியை மாட்டினால் மூலகம் தாங்க ஆளின்றி மடிந்து நசுங்கும்.

கேள்வி: கழுவிப் பயன்படுத்தும் எஃகு வலை ஃபில்டர் ‘ஆயிலைத் தாராளமாக ஓடவிடும்’ என்கிறார்களே?

விளம்பரத்தில் நன்றாக ஒலிக்கும் வாக்கியம் இது. எஞ்சினின் ஆயில் பம்ப், ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவை வலுவில் தள்ளும் வகையைச் சேர்ந்தது. ரிலீஃப் வால்வு திறக்காத வரை, வழியில் காகிதம் இருந்தாலும் வலை இருந்தாலும் அது தள்ளும் அளவு ஏறத்தாழ ஒன்றே. ரிலீஃப் வால்வு திறக்கும் நிலைகளில் மட்டுமே தடை குறைவதால் சிறு பயன் உண்டு. பந்தய எஞ்சினில் அது பொருள்படலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வலையைக் கழற்றி, எந்த உலோகத்தின் துகள் சிக்கியிருக்கிறது என்று பார்க்க அங்கே ஆளும் இருக்கிறார்.

அன்றாட வண்டியில் நிலைமை வேறு. இத்தகைய வலைகளின் கண் பெரும்பாலும் 30, 40 மைக்ரான் அளவில் இருக்கிறது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பேரிங்கைத் தேய்க்கும் துகள்களில் அதைவிடச் சிறியவை ஏராளம். கழுவும்போது அழுக்கு வலையின் தூய பக்கத்துக்கு வந்துவிட்டால் அடுத்த முறை எஞ்சினைக் கிளப்பியதும் அது உள்ளே போகும். கரைப்பான் மீதம் நின்றால் ஆயிலை நீர்க்கச் செய்யும்.

கேள்வி: அப்படியானால் மிக நுண்ணிய ஃபில்டரே சிறந்ததா?

நுண்மை, ஓட்டம், அழுக்கைத் தாங்கும் திறன் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை. நுண்மையை மட்டும் கூட்டினால் காகிதம் சீக்கிரம் நிறைந்து பைபாஸ் திறந்துவிடும். பிறகு நுண்மைக்கும் பொருள் இல்லை. உறையில் ‘20 மைக்ரான்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த அளவுள்ள துகள்களில் எத்தனை விழுக்காட்டைப் பிடிக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் செய்தி முழுமையாகும். பீட்டா விகிதம் என்பது இதையே சொல்கிறது: 20 மைக்ரானில் பீட்டா 2 என்றால் பாதித் துகள்கள் தப்பிவிடுகின்றன, 75 என்றால் 98.7 விழுக்காடு பிடிபடுகின்றன. எஞ்சின் ஆயில் ஃபில்டர்களைச் சோதிக்கும் முறைகளை ஐஎஸ்ஓ 4548 என்ற பன்னாட்டுத் தரநிலைத் தொடர் வகுத்திருக்கிறது; அதன் 12ஆம் பகுதி வடிகட்டும் திறனுக்கானது. அந்தச் சோதனை முடிவை வெளியிடாமல் வெறும் மைக்ரானை முழங்கும் பொருளை ஒதுக்கிவிடலாம்.

கேள்வி: மூல ஃபில்டரை அப்படியே விட்டு, கூடுதலாக ஒரு பைபாஸ் ஃபில்டர் வைத்தால்?

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம்: மேலே சொன்ன பைபாஸ் வால்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அழுத்தப் பக்கத்திலிருந்து சிறு பங்கு ஆயிலை மட்டும் குறுகிய துளை வழியே பிரித்தெடுத்து, மிக நுண்ணிய ஃபில்டரில் மெதுவாக வடித்து, சம்ப்புக்குத் திருப்பி அனுப்பும் கிளை அமைப்பு இது. நாளெல்லாம் ஓடும் கனரக டீசல் எஞ்சின்களில் இதற்கு உண்மையான பயன் உண்டு; புகைக்கரி நுண்துகள்களைக் குறைக்கிறது, சில கனரக எஞ்சின்களில் தயாரிப்பாளரே இதையோ சுழல்விசை வகை ஃபில்டரையோ வைத்து அனுப்புகிறார். (டாய்லெட் பேப்பர் சுருளையே மூலகமாக வைத்து ஆயிலை வடித்த கருவிகளும் விற்பனைக்கு வந்தன. கொள்கை இதுதான், பேப்பரின் நார் உதிர்வதைப் பற்றி வாங்கியவர்கள் கவலைப்பட்டார்களா என்பது வேறு விஷயம்.)

சிறிய எஞ்சினில் இதன் ஆபத்து அந்தக் குறுகிய துளையில் இருக்கிறது. துளை பெரிதாக இருந்தாலோ விடுபட்டுப்போனாலோ, சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது, ஏற்கெனவே குறைவாக இருக்கும் அழுத்தத்தை அந்தக் கிளை மேலும் குறைத்துவிடும். ஆயில் சுத்தமாகத் தெரிகிறது என்பதற்காக மாற்றும் இடைவெளியை நீட்டுவதும் பிழை. ஆயிலில் கலந்த எரிபொருளையும், தீர்ந்துபோன சேர்க்கைப் பொருள்களையும் எந்த ஃபில்டரும் திருப்பித் தராது.

கேள்வி: ஆயில் கூலருக்காக ஃபில்டருக்கு அடியில் வைக்கும் சாண்ட்விச் தட்டு பாதுகாப்பானதா?

ரிலொகேஷன் கிட்டுக்குச் சொன்ன ஹோஸ், ஓரிங், தடை பற்றிய எச்சரிக்கைகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும். கூடுதலாக ஒன்று: தெர்மோஸ்டாட் இல்லாத தட்டைப் பொருத்தினால் ஆயில் எப்போதும் கூலர் வழியாகவே போய், குறுகிய பயணங்களில் வேலை வெப்பத்தையே எட்டாது. ஆயில் நன்கு சூடானால்தான் அதில் கலந்த நீரும் எரிபொருளும் ஆவியாக வெளியேறும். பாரம் இழுக்கும் வண்டிக்கும் பந்தயத் தடத்தில் ஓடும் வண்டிக்கும் கூலர் தேவைப்படலாம். அலுவலகம் போய்வரும் வண்டிக்கு அது பெரும்பாலும் வெறும் சுமை.

கேள்வி: ஃபில்டரின் மீது காந்தம் ஒட்டுவது?

தீங்கு அநேகமாக இல்லை; நன்மையும் அளவானது. இரும்புத் துகளை மட்டும் பிடிக்கும், மணலையும் அலுமினியத்தையும் பேரிங்கின் செம்பையும் விட்டுவிடும். கழன்று விழுந்து பெல்ட்டில் சிக்காதபடி இருந்தால் போதும்.

கேள்வி: இருசக்கர வாகனத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பல மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினும் கியரும் கிளட்ச்சும் ஒரே ஆயிலில் நனைகின்றன. கிளட்ச் தட்டிலிருந்து உதிரும் நாரும் கியரின் உலோகத் தூளும் அதே ஃபில்டருக்கு வருவதால், பெரிய கண் கொண்ட வலை இங்கே காரைவிடவும் பொருத்தமற்றது. ஆயிலின் மொத்த அளவே ஒரு லிட்டர் அளவில் இருக்கும் வண்டிகளில் சிறு கசிவுகூடப் பெரிய விழுக்காடு. சிறிய கார்ட்ரிட்ஜ் மூலகத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு; ஒரு பக்கம் அடைபட்டிருக்கும். வேறு நிறுவனத்தின் மூலகத்தை வாங்கித் தலைகீழாகச் செருகினாலோ, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை விட்டுவிட்டாலோ ஆயில் வழி அடைபடும் அல்லது வடிகட்டாமலே ஓடும். சில சிறிய எஞ்சின்களில் காகித ஃபில்டரே இல்லாமல், கிராங்க்கோடு சுழலும் கிண்ணத்தின் சுவரில் அழுக்கைப் படியவைக்கும் அமைப்பு மட்டும் இருக்கும். அவற்றில் புதிதாக ஃபில்டரைப் புகுத்துவதற்குப் பதில் அந்தக் கிண்ணத்தை உரிய காலத்தில் திறந்து துடைத்தாலே போதும்.

கேள்வி: மாற்றம் செய்து பல மாதம் ஆகிறது, ஆயில் எச்சரிக்கை விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. எல்லாம் சரி என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. சாதாரண ஆயில் அழுத்த ஸ்விட்ச், அழுத்தம் ஏறக்குறைய அரை பாருக்குக் கீழே இறங்கினால்தான் விளக்கை ஏற்றும். சூடான ஐடிலில் அந்த எல்லைக்குப் பொருள் உண்டு. ஆனால் 3000 சுற்றில் மூன்று, நான்கு பார் இருக்க வேண்டிய எஞ்சினில் ஒரு பார் மட்டுமே இருந்தாலும் விளக்கு அமைதியாகவே இருக்கும், பேரிங் தேய்ந்துகொண்டிருக்கும். சென்சார் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அது ஃபில்டருக்கு முன்னால் இருந்தால், பின்னால் உள்ள தடை அளவியில் தெரியாது. சில நேரங்களில் அழுத்தம் கூடியதாகக்கூடக் காட்டும். மாற்றத்துக்கு முன்பும் பின்பும், ஒரே வெப்பத்தில், ஐடிலிலும் 2000, 3000 சுற்றுகளிலும் பிரதான கேலரியில் அளவியை இணைத்துப் பார்த்து எழுதி வைத்த எண்களே நம்பத்தக்கவை.

கேள்வி: ஃபில்டர் அமைப்பை மாற்றியதும் எவ்வளவு ஆயில் ஊற்ற வேண்டும்?

கையேட்டில் உள்ள அளவு இனிப் பொருந்தாது. முதலில் அந்த அளவை ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி ஃபில்டரும் ஹோஸும் நிரம்பிய பிறகு நிறுத்தி, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து நிரப்ப வேண்டும். இரவில் ஹோஸ் வடிந்துவிடும் அமைப்பானால் காலையில் டிப்ஸ்டிக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி ஆயிலைக் குறைத்துவிடக் கூடாது. உச்சக் குறிக்கு மேல் ஊற்றுவதும் தவறு. கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கினால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும்.

கேள்வி: வாரன்ட்டி, காப்பீடு?

மூல அளவுகளுக்கு ஏற்ற வேறு நிறுவன ஃபில்டரைப் போடுவது ஒன்று, சுற்றின் அமைப்பையே மாற்றுவது வேறொன்று. முன்னதை வைத்து வாரன்ட்டியை மறுப்பது பல இடங்களில் எளிதல்ல. பின்னதில், பேரிங் பழுதாகிப் போனால் அடாப்டரும் ஹோஸும்தான் ஆய்வாளரின் கண்ணில் முதலில் படும். அது காரணமல்ல என்று காட்டும் சுமை நடைமுறையில் உரிமையாளர் தலையில் விழுகிறது. காப்பீட்டு ஒப்பந்தம் மாற்றங்களை அறிவிக்கச் சொன்னால் எழுத்து மூலம் அறிவித்துவிடுவது நல்லது. ஆயில் தீப்பற்றிய வண்டியில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும்.

கேள்வி: எந்த நிலையில்தான் இந்த மாற்றம் நியாயமானது?

எஞ்சினையே வேறு வண்டியில் இறக்கியதால் மூல ஃபில்டருக்கு இடமில்லாமல் போனது, மூல மூலகம் எங்கும் கிடைக்காமல் போனது, அளவியில் ஆயில் வெப்பம் தொடர்ந்து வரம்பை மீறுவது தெரிந்தது போன்ற நிலைகளில் வேறு வழி இருக்காது. மூல அமைப்பால் செய்ய முடியாத எந்த வேலை தனக்குத் தேவை என்பதை ஒரு வரியில் சொல்ல முடியாதவருக்கு இந்த மாற்றத்தைப் பரிந்துரைக்க இயலாது.

செய்தே ஆக வேண்டும் என்றால், முதல் முறை கிளப்புவதற்கு முன் ஃபில்டரையும் ஹோஸையும் ஆயிலால் நிரப்பி, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, அழுத்தம் ஏறுவது அளவியில் தெரியும் வரை ஸ்டார்ட்டரால் சிறிது சிறிதாகச் சுழற்ற வேண்டும். பிறகு கிளப்பி, கசிவு பார்த்து, சூடாகி ஆறியபின் மீண்டும் ஒருமுறை இணைப்புகளைச் சோதித்து, ஒவ்வொரு முனையிலும் பெயிண்ட் கோடு இட்டுவிட்டால் பின்னர் எது தளர்ந்தது என்று ஒரு பார்வையில் தெரியும்.

கேள்வி: பழைய வண்டியொன்றை வாங்கினேன், முன்னவர் ஏதோ அடாப்டர் வைத்திருக்கிறார். என்ன செய்வது?

காரணம் தெரியாவிட்டால் மூல நிலைக்குத் திருப்புவதே பாதுகாப்பு. அடாப்டரைக் கழற்றும்போது பிளாக்கில் உள்ள மரைத் தண்டும் சேர்ந்து கழன்று வரலாம். அடாப்டருக்காக நீளமான தண்டு போட்டிருந்தால் அதை எடுத்து மூல அளவுத் தண்டை உரிய முறுக்கில் பொருத்த வேண்டும். நீளமான தண்டையே விட்டு ஃபில்டரை மாட்டினால், தண்டு ஃபில்டரின் உள்ளே முட்டி, கேஸ்கெட் சரியாக அழுந்தாமல் போகும். சமதளத்தில் கீறலோ பழைய ஓரிங்கோ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரை எறிந்துவிடாமல் அறுத்து, காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிற மினுமினுப்பு தெரிந்தால், ஆயில் ஊற்றுவதற்கு முன்பே சம்ப்பைக் கழற்றி ஒரு பேரிங்கையாவது திறந்து பார்த்துவிட வேண்டும்.